ஒஸ்தா மாமியும் நாற்பதாம் நாளும்

இலங்கை முஸ்லிம்களின் வழமைகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் ஆண்பிள்ளைகளின் சுன்னத்துக் கலியாணத்துக்கு எப்போதும் ஓர் இடமுண்டு. பிள்ளைக்கு மாப்பிள்ளை போல உடுத்தியது, மாலை போட்டது, ஊருக்குச் சோறு கொடுத்தது, ஒஸ்தாவுக்குக் கொடுத்த சன்மானம் என்று எல்லாம் விபரமாக வரும். பெண்பிள்ளைகளின் கத்னாவுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். 2007இல் வெளிவந்த அஸிஃப் ஹுசைனின் 'ஸரன்தீப்' என்ற ஆங்கில நூலைப் போன்று இதைப் பேசியவை மிகச் சில. தமிழில் நமது ஆண்கள் எழுதிய ஊர் வரலாறுகளில் பள்ளிவாசலின் கிணறு எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்பதுகூட இருக்கிறது. ஊரின் பாதிப் பேருக்கு நடந்த ஒன்று அங்கே இல்லை.

இதை எழுதப் போகிறேன் என்றதும் எனது உறவில் மூத்த ஒருவர், "இதெல்லாம் எழுதுற விசயமா மகள்?" என்றுதான் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் பேசினார். களுபோவிலயில் நான் குடியிருக்கும் ஒழுங்கையிலும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து உறவுகளிடையிலும் இப்படிக் கேட்டுவிட்டுப் பேசியவர்கள் பலர். அவர்கள் சொன்னவற்றில் ஒத்துப்போகும் செய்திகளை மட்டும் இங்கே தருகிறேன்.

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் தாய்க்கு முழுக்கு. அதையொட்டிய ஒரு காலையில் ஒஸ்தா மாமி வருவார். 'ஒஸ்தா' என்பது உஸ்தாத் என்ற சொல்லின் மரூஉ என்பர். ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்வதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களுக்கு அந்தப் பெயர். அந்தக் குடும்பத்துப் பெண்களே ஒஸ்தா மாமிமார். வீட்டில் ஆண்கள் இருக்க மாட்டார்கள், அல்லது முன்விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளறையில் வெள்ளைத் துணி விரித்து, பிள்ளையை ஒரு மூத்த பெண் மடியில் பிடித்துக்கொள்ள, மாமி சவர அலகினால் சிறிதாகக் கீறுவார் அல்லது ஒரு துணுக்கு எடுப்பார். ஒரு துளி இரத்தம் வர வேண்டும், வந்தால்தான் கத்னா நிறைவேறியது என்பது நம்பிக்கை. அரிசி, தேங்காய், வெற்றிலையோடு கொஞ்சம் காசு. அவ்வளவுதான். சோறு இல்லை, மாலை இல்லை, அழைப்பில்லை. பல வீடுகளில் பிள்ளையின் தகப்பனுக்கே அன்று என்ன நடந்தது என்று சொல்லப்பட்டதில்லை.

எந்த அளவு வெட்டப்படுகிறது என்பது மாமியின் கையையும் கண்ணையும் பொறுத்தது. "கடுகளவு" என்றார் ஒருவர், "நெல்லளவு" என்றார் இன்னொருவர். நாற்பது நாள் குழந்தையில் கிளிட்டோரிஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் உறுப்பு ஒரு சில மில்லிமீற்றர்தான் இருக்கும். அதன் மேல்தோல் உறுப்போடு ஒட்டியிருக்கும். தோலை மட்டும் எடுப்பதாகச் சொல்வது சொல்வதற்கு எளிது. உலக சுகாதார நிறுவனம் பெண்ணுறுப்பு வெட்டுகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. உறுப்பின் வெளித்தெரியும் பகுதியையோ மேல்தோலையோ நீக்குவது முதல் வகை. குத்துதல், கீறுதல், சுரண்டுதல் போன்றவை நான்காவது. நமது நாட்டில் நடப்பதை இந்த இரண்டுக்குள் அடக்கலாம். சோமாலியாவிலும் சூடானிலும் காணப்படும், தைத்து மூடிவிடும் மூன்றாம் வகை இங்கே இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்து எழுதுவது நமது பெண்களுக்குச் செய்யும் உதவியாகாது. 'சிதைப்பு' என்ற சொல்லைக் கேட்டதுமே கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அவர்கள் சொல்லும் 'கத்னா' என்ற சொல்லையே இங்கு பாவிக்கிறேன்.

இந்த வழமை நம்மிடம் எப்படி வந்தது? இஸ்லாத்துக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. எகிப்தின் மெம்பிஸ் நகரில் ஒரு பெண்பிள்ளைக்குக் கத்னாச் செய்வதற்கான காசைப் பற்றிய தகராறு, கிறிஸ்துவுக்கு முன் 163ஆம் ஆண்டைச் சேர்ந்த கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. எகிப்தின் கொப்திக் கிறிஸ்தவர்களிடமும் இது இருந்து வந்தது. மறுபக்கம் துருக்கி, மொரோக்கோ, அல்ஜீரியா போன்ற முஸ்லிம் நாடுகளில் இப்படி ஒரு வழக்கமே இல்லை.

நமது பக்கத்துக்கு இது ஷாபிஈ மத்ஹபோடு கடல்வழியாக வந்தது என்பதே எனது எண்ணம். ஹளரமௌத், மலபார், காயல்பட்டினம், இலங்கை, ஆச்சே, ஜாவா என்று இந்து சமுத்திரத்தின் கரையோரமெங்கும் வணிகரோடும் ஆலிம்களோடும் பரவியது அந்த மத்ஹப். ஹனபி, மாலிகி அறிஞர்கள் பெண்ணுக்குக் கத்னாவை வாஜிபாகக் கொள்ளவில்லை. சிறப்புக்குரியது, விரும்பத்தக்கது என்ற அளவில் நிறுத்தினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வாஜிப் என்று உறுதியாகச் சொன்னது ஷாபிஈ மத்ஹப். 13ஆம் நூற்றாண்டின் இமாம் நவவி தமது 'அல்மஜ்மூஃ' நூலில் மத்ஹபின் நிலைப்பாடாக இதையே பதிவு செய்தார். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மலாயரும் ஷாபிஈகளே, அவர்களிடமும் இவ்வழமை உண்டு. கொழும்பில் இதைச் செய்யும் மூன்றாவது சமூகமான தாவூதி போறாக்கள் இஸ்மாயிலி ஷீஆக்கள். அவர்களின் வழி வேறு, வயதும் வேறு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களின் வரலாறு. அபூ தாவூதின் தொகுப்பில் உம்மு அதிய்யா வழியாக வரும் ஹதீஸ் ஒன்று இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். மதீனாவில் பெண்களுக்குக் கத்னாச் செய்துவந்த ஒருவரிடம், அளவு மீறி வெட்ட வேண்டாம் என்று நபியவர்கள் சொன்னதாக அது வருகிறது. இந்த அறிவிப்பு பலவீனமானது என்று அதைப் பதிவு செய்த அபூ தாவூதே குறிப்பிட்டிருக்கிறார். ஆதாரத்தின் பலத்தை ஒரு புறம் வைத்தாலும், அதில் சொல்லப்படும் காரணத்தை நம்மவர் கவனிப்பதில்லை. குறைவாக வெட்டுவது பெண்ணுக்கும் நல்லது, கணவனுக்கும் உவப்பானது என்பதே அந்தக் காரணம். அந்த உறுப்பு பெண்ணின் இன்பத்துக்குரியது என்பதும், வெட்டினால் அது குறையும் என்பதும் அந்தக் காலத்தவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 14ஆம் நூற்றாண்டில் இப்னு தைமிய்யா இன்னும் வெளிப்படையாக, பெண்ணின் இச்சையை மட்டுப்படுத்துவதே இதன் நோக்கம் என்று எழுதினார். இன்றைய மருத்துவம் பக்கவிளைவு என்று பட்டியலிடுவதை அன்றைய அறிஞர் நோக்கம் என்றே சொன்னார்கள்!

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய சிந்தனையல்ல. 1860களில் லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நரம்புத்தளர்ச்சிக்கும் 'ஹிஸ்டீரியா'வுக்கும் மருந்தென்று ஆங்கிலப் பெண்களின் கிளிட்டோரிஸை வெட்டினார். 1867இல் லண்டன் மகப்பேற்று வைத்தியர் சங்கம் அவரை வெளியேற்றியது. முக்கிய குற்றச்சாட்டு, பெண்களுக்கோ அவர்களுடைய கணவன்மாருக்கோ சரிவரத் தெரியப்படுத்தாமல் செய்தார் என்பது.

நமது வீடுகளில் காரணம் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்திருக்கிறது. எனது உம்மம்மாவின் வயதொத்தவர்கள் "அடக்கம் வரும்" என்பார்கள். எனது உம்மாவின் தலைமுறை "சுத்தம்" என்றது. பிறகு "மார்க்கக் கடமை" என்பது மேலெழுந்தது. இப்போது படித்தவர்கள் சிலர் மேல்தோலை நீக்குவதால் பெண்ணின் இன்பம் கூடும் என்று வாதிடுகிறார்கள். ஆசையைக் குறைக்கத் தொடங்கிய ஒன்று ஆசையைக் கூட்டுவதற்காகத் தொடர்கிறது என்றால், காரணம் எதுவானாலும் அலகு கீழே வைக்கப்படுவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த உறுப்பின் முழு அமைப்பு 1998இல்தான் அவுஸ்திரேலிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹெலன் ஓ'கொனெல் வெளியிட்ட ஆய்வின் மூலம் பரவலாகத் தெரியவந்தது. வெளியே தெரிவது ஒரு சிறு நுனி மாத்திரமே, மீதி உள்ளே படர்ந்திருக்கிறது. ஆகவே வெட்டப்பட்ட பெண்ணுக்கு உணர்வே இராது என்று சொல்வது தவறு. ஆனால் நரம்புகள் மிக நெருக்கமாகக் கூடியிருப்பது அந்த நுனியில்தான். அங்கே தழும்பு விழுந்தால் வலி, உணர்வு குறைதல், தொடுவதையே சகிக்க முடியாமை என எதுவும் வரலாம். நோர்வேயைச் சேர்ந்த பேர்க்கும் டெனிசனும் 15 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட மீளாய்வில், வெட்டப்பட்ட பெண்கள் உறவின்போது வலியைச் சொல்வது மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு, ஆசையே இல்லை என்று சொல்வது இரண்டு மடங்கு என்று கண்டார்கள். அவை பெரும்பாலும் ஆபிரிக்கப் பெண்களைப் பற்றியவை, கடுமையான வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். அதை அப்படியே களுபோவிலப் பெண்ணுக்குப் பொருத்த முடியாது. நமக்கு நெருக்கமானது இந்தியப் போறாப் பெண்களிடம் செய்யப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு. அங்கே நடப்பதும் முதலாம், நான்காம் வகைகளே. பங்குகொண்ட பெண்களில் ஏறத்தாழ 33 வீதமானோர் தமது தாம்பத்திய வாழ்வை அது பாதித்ததாகக் கருதினார்கள்.

மனம் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது செனகலின் டாக்கார் நகரில் செய்யப்பட்ட ஒன்று. பேரென்ற், மோரிட்ஸ் என்ற இருவர் 2005இல் வெளியிட்டது. கத்னாச் செய்யப்பட்ட 23 பெண்களையும் செய்யப்படாத 24 பெண்களையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவில் 30 வீதமானோருக்குப் போரிலிருந்தும் விபத்திலிருந்தும் மீண்டவர்களிடம் காணப்படும் அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தது. நெதர்லாந்தில் குடியேறிய 66 ஆபிரிக்கப் பெண்களிடம் செய்யப்பட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வு, மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு அல்லது பதகளிப்பு இருப்பதைக் காட்டியது. அந்த நிகழ்வு துலக்கமாக ஞாபகத்தில் இருப்பவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தனர்.

அந்த 'ஞாபகம்' என்ற சொல்லில்தான் நமது வாதமெல்லாம் வந்து நிற்கிறது. நாற்பது நாள் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது, ஞாபகம் இல்லாதபோது மனம் எப்படிக் கெடும் என்று கேட்கிறார்கள். போறாச் சமூகத்தில் ஏறக்குறைய ஏழு வயதில் செய்கிறார்கள். அந்தச் சிறுமிக்கு எல்லாம் நினைவிருக்கும். எங்கோ கூட்டிப்போவதாகச் சொல்லிப் பழைய கட்டடமொன்றின் அறைக்குள் கொண்டுபோனது, கையைப் பிடித்துக்கொண்டது தனது சொந்த மாமி என்பது வரை நினைவிருக்கும். இதற்கு எதிராக முதலில் வாய்திறந்தவர்கள் மும்பாய்ப் போறாப் பெண்களாக இருந்ததில் ஆச்சரியமில்லை. 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது, அடுத்த ஆண்டு அது பெரிய அமர்வொன்றுக்கு அனுப்பப்பட்டது. சோனகப் பெண்ணிடம் சொல்வதற்கு அப்படி ஒரு கதை இல்லை. அவளுக்கு நடந்ததை அவளே பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும்.

ஆனால் ஞாபகமின்மையும் பாதிப்பின்மையும் ஒன்றல்ல. 1980கள் வரை மேல்நாட்டு வைத்தியசாலைகளில்கூட, பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்ற எண்ணத்தில் போதிய மயக்க மருந்தின்றிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். 1987இல் ஆனந்த், ஹிக்கி என்ற இருவரின் கட்டுரை அந்த எண்ணத்தை உடைத்தது. கனடாவில் அன்னா டாடியோவும் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மரப்பு மருந்தில்லாமல் கத்னாச் செய்யப்பட்ட ஆண்குழந்தைகள் நான்காம், ஆறாம் மாதத் தடுப்பூசியின்போது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக அழுதது தெரியவந்தது. (ஆண்களின் கத்னாவைப் பற்றி இங்கே நான் வாதிக்க வரவில்லை. குழந்தையின் உடல் வலியை வைத்துக்கொள்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.)

இன்னொரு மனம் இருக்கிறது, அது தாயுடையது. நான் பேசியவர்களில் தமது சொந்தக் கத்னாவைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. தமது மகளின் கத்னாவைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு பேர் அழுதார்கள். பிள்ளை பெற்று நாற்பது நாளில், உடம்பு இன்னும் தேறாத நிலையில், அடுத்த அறையிலிருந்து பிள்ளையின் வீறிடலைக் கேட்டவர்கள் அவர்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். மற்றவர் மாமியாருக்கு மறுத்துப் பேச முடியாமல் சமையலறைக்குள் போய் நின்றார். ஆய்வுகளில் இந்தப் பெண்களுக்கு ஒரு நிரல் இல்லை.

பகிரங்க வாழ்க்கையில் இந்த விடயம் நுழைந்த விதமும் கவனிக்கத்தக்கது. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டுக்குரியது. அது எழுத்திலிருந்ததால் அதனோடு எழுத்தில் சண்டை பிடிக்க முடிந்தது. குழுக்கள் அமைந்தன, 2009இல் நியமிக்கப்பட்ட மர்சூப் குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. கத்னாவுக்கு அப்படிச் சட்டமும் இல்லை, பதிவும் இல்லை. எழுத்தில் முதலில் வந்த பெரிய ஆவணம் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2008இல் வெளியிட்ட பத்வாதான். ஷாபிஈ மத்ஹபின் அடிப்படையில் பெண்களுக்கும் கத்னா வாஜிப் என்றது அது. அதற்கு முந்திய ஆண்டில்தான் எகிப்தில் 12 வயதுச் சிறுமியொருத்தி கத்னாவின்போது இறந்துபோனாள். பிரதான முப்தி அலி ஜும்ஆ அது தடுக்கப்பட்டது என்று அறிவித்தார், அல்அஸ்ஹரின் ஆய்வுச் சபையும் இதற்கு ஷரீஅத்தில் அடிப்படை இல்லை என்றது. அல்அஸ்ஹரும் எப்போதும் ஒரே குரலில் பேசியதல்ல. ஷெய்க் மஹ்மூத் ஷல்தூத் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆதாரங்கள் போதா என்று எழுதினார், 1990களில் ஷெய்க் ஜாதுல் ஹக் கடுமையாக ஆதரித்தார். ஒரே நிறுவனத்துக்குள் இத்தனை கருத்து வேறுபாட்டுக்கு இடமிருக்குமானால், அது தீர்ந்துபோன விடயம் அல்ல.

2017 டிசம்பரில் பாதிக்கப்பட்ட பெண்கள் சிலரின் கூற்றுகள் நமது பாராளுமன்றத்தின் பெண்கள் விவகாரத் துறைசார் குழுவின் முன் வைக்கப்பட்டன. இந்நாட்டு முஸ்லிம் பெண்கள் இதைப் பற்றி அரச பீடமொன்றில் பேசிய முக்கிய தருணம் அது. 2018 மே மாதத்தில் சுகாதார அமைச்சு, வைத்தியர்கள் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றுநிருபம் விட்டது. அதே ஆண்டில் உலமா சபையும் வேறு சில அமைப்புகளும் அதே குழுவின் முன் தோன்றி, தடை வேண்டாம், வைத்தியர்களைக் கொண்டு பாதுகாப்பாகச் செய்ய விடுங்கள் என்றன. இந்தோனேசியாவும் அந்த வழியைப் பார்த்ததுதான். 2010இல் சுகாதாரப் பணியாளர் செய்யும் முறையை விதித்து ஒழுங்குவிதி கொண்டுவந்து, 2014இல் அதை நீக்கி, 2024இல் பெண் கத்னாவை ஒழிக்கும் ஒழுங்குவிதிக்கு வந்து சேர்ந்தது. அங்கே பெண் ஆலிம்களின் மாநாடு 2022இல், தேவையற்ற, தீங்கு தரும் பெண் கத்னா ஹராம் என்று கூறியிருந்தது.

நமது பெண்கள் பேசத் துணிந்த காலத்தையும் மறக்கக்கூடாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை என்ற வதந்தி. மார்ச்சில் திகன. அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு, குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்ற ஆதாரமற்ற குற்றச்சாட்டு. முஸ்லிம்களின் கருப்பையும் பிறப்பும் வதந்திக்குத் தீனியான அந்த நாட்களில், வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்வது எதிரிக்குக் கத்தி கொடுப்பது என்று பெண்களே நினைத்தார்கள். அந்தப் பயத்தை நான் சிறிதாக மதிப்பிடவில்லை. இப்போதும் இதைப் பேசினால் "வெளிநாட்டுக் காசு" என்ற சொல் உடனே வருகிறது.

சுற்றுநிருபம் வைத்தியரைக் கட்டுப்படுத்தும். ஒஸ்தா மாமி வைத்தியர் அல்ல, அவருக்குச் சுற்றுநிருபமும் போவதில்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அட்டையோடு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு நாற்பதாம் நாளில் என்ன நடக்கிறது என்பது அந்த அட்டையில் ஏறுவதில்லை. குடிசனக் கணக்கெடுப்பிலும் அதற்குக் கேள்வி இல்லை. மாமிமார் குறைந்துவருகிறார்கள் என்பது மெய். நான் சந்தித்த ஒரு மாமியின் மகள் வங்கியில் வேலை செய்கிறார், இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மாமிக்கு அதில் கவலையும் இல்லை, பெருமையும் இல்லை. "கூப்பிட்டாப் போவன், இல்லாட்டிப் போவல்ல" என்றார்.

2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, மனச்சோர்வு, பதகளிப்பு, மனவடு உள்ள பெண்களுக்குப் பேச்சுவழி உளச்சிகிச்சையையும், தாம்பத்தியச் சிக்கல் உள்ளவர்களுக்கு ஆலோசனையையும் பரிந்துரைக்கிறது. அதற்கு முதலில் ஒரு பெண் தனக்கு என்ன நடந்தது என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த இளம் பெண் ஒருவர், திருமணமாகி இரண்டு வருடமாக உறவில் வலி என்று வைத்தியரிடம் போனார். அங்கே தழும்பைப் பற்றிக் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டிருக்கிறார். உம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எத்தனையாம் நாள், எந்த மாமி, யார் பிடித்துக்கொண்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னாராம்.